பேச்சியம்மாவின் நிரை

மாவில்கந்தைத் தோட்டம், மேற்பிரிவு,
மஸ்கெலியா.
2026 ஜனவரி 18

அன்புள்ள நிலக்ஷி,

நான் போன் எடுத்தால் நீ வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

வவுனியா பஸ்ஸில் நீ ஏறும்போது நான் உன் அம்மாவைப் பற்றி, "அத்தை இனி வரமாட்டாங்கடி, அழுதிரு" என்று சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னது அது. நீ என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலை மூடிவிட்டாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாங்கள் இன்னும் தோட்டத்து ஆபீசுக்குக் கீழே போட்ட தகரக் கொட்டில்களில்தான் இருக்கிறோம். நவம்பர் மண்சரிவுக்குப் பிறகு பழைய லயத்து வீடுகளுக்கு யாரும் போகக்கூடாது என்று சிவப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். ஆனால் கேத்ரின் டீச்சர் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கேட்டார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த அந்தப் பச்சை அட்டைத் தோட்டப் புத்தகம் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே கிடந்தது. அம்மாவைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு போனேன். அம்மா பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஓடிப் போயி எடுத்துட்டு ஓடியா. அங்க நின்னு வாசிச்சுக்கிட்டு இருக்காதே" என்றார்.

புத்தகம் கிடைத்தது. கொஞ்சம் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, எழுத்து அழியவில்லை.

இப்போது நான் சொல்லவந்ததைச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு லயத்து முன்னால் இருந்த எல்லாப் பாத்திகளும் காடாகிவிட்டன. எங்கள் பாத்தியில் லீக்ஸ் எங்கே, மானாப்புல் எங்கே என்று தெரியவில்லை. சிசிலி அக்காவின் டேலியாக்கள் சரிந்து அழுகிவிட்டன. ஆனால் உங்கள் பாத்தி அப்படி இல்லை. முட்டைக்கோவா வரிசையாக நிற்கிறது. போஞ்சிக் கொடி குச்சியில் நேராக ஏறியிருக்கிறது. ஒரு களை கூட இல்லை. நேற்றுத்தான் அத்தை எடுத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

நம் புத்தகத்தில் ஒரு வரி வரும், நினைவிருக்கிறதா? "ஆள் இல்லாத தோட்டம் ஒரே மழையில் காட்டுக்குத் திரும்பிவிடும்." உங்கள் தோட்டம் திரும்பவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

அன்புடன்,
பிரேமினி

*

வவுனியா
2026 ஜனவரி 27

பிரேமினி,

கிழிக்கவில்லை.

உன்னை மன்னிக்கவும் இல்லை. அதைத் தனியாக வைத்துக்கொள். இப்போது நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. புத்தகத்தில் வருவது மாதிரி அழகாக எழுதாதே. கண்ணால் பார்த்ததை எழுது.

பிடுங்கிய களைகள் எங்கே கிடக்கின்றன? பாத்தி ஓரத்துக் கல்லில், வேர் மேலே பார்க்கும்படி கிடக்கின்றனவா? மிளகாய்ச் செடியின் நுனிகள் கிள்ளப்பட்டிருக்கின்றனவா? அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. கொழுந்து எடுத்து எடுத்து, எந்தச் செடியைக் கடந்தாலும் நுனியைக் கிள்ளிவிடுவார். நாம் திட்டுவோம், கை அது பாட்டுக்குக் கிள்ளும்.

நான் ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியவேண்டும். இங்கே சித்தப்பா வீட்டில் கருமாதிக்கு நாள் பார்க்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்பதால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிப்பார்களாம். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். அவர் காலையிலிருந்து வாசல் படலைக்கு எதிரே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டில் எறும்பு வரும்வரை கை வைப்பதில்லை. "முடிச்சுட்டா அண்ணன் எழும்பிருவாரு" என்கிறார் சித்தப்பா. நான் வாய்க்கரிசி போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மகள் போடாமல் முடிக்க முடியாது என்கிறார்கள். அதனால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

அம்மா தண்ணீர் பிடிக்க மலை ஊற்றுப் பீலிக்குப் போனார். பீலியோடு மலை இறங்கியது. ராணுவம் தோண்டியது, மற்ற எல்லோரும் கிடைத்தார்கள். அம்மா மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காத ஒருவரை நான் எப்படிப் புல்லாக நினைத்து எரிப்பது?

இங்கே மண் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. இந்த ஊரில் எல்லாமே தட்டை. எங்கே நின்றாலும் எல்லாம் தெரிகிறது, ஒளிந்து அழ ஒரு மேடு இல்லை.

பதில் எழுது.

நிலக்ஷி

*

மாவில்கந்தைத் தோட்டம்
2026 பெப்ரவரி 8

அன்புள்ள நிலக்ஷி,

கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

ஸ்கூல் விட்டு வரும் வழியில் பலகையைத் தாண்டிப் போனேன். (அம்மாவிடம் சொல்லிவிடாதே.) களைகள் கல்லில்தான் கிடக்கின்றன. வேர் மேலே. புளியாரைதான் அதிகம். மேலே கிடந்தவை வாடவே இல்லை, வேரில் மண் ஈரமாக இருந்தது. மிளகாய் நுனிகள் கிள்ளப்பட்டிருக்கின்றன. நகம் பட்ட இடத்தில் சாறு ஒரு துளி நின்றது. தொட்டுப் பார்த்தேன், ஒட்டியது. மண் பஞ்சு மாதிரி இருக்கிறது, என் கால் கணுக்கால் வரை இறங்கியது. ஆனால் என் தடத்தைத் தவிர வேறு தடம் எதுவும் அங்கே இல்லை.

பயந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அதனால் நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பேச்சியம்மா அத்தை பாத்தியில யாரு களை எடுக்கிறது?" என்றேன்.

"என்னடி, பொலிசாட்டம் வந்து நிக்கிறே?" என்று சிசிலி அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் அம்மா வெற்றிலையை மென்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன கேள்வி?" என்றார் அம்மா கடைசியில். "வேலைக்கு வராதவ நெரைய ரெண்டு பக்கத்து நெரைக்காரியும் பாத்துக்கிறதுதானே வழக்கம்? அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சிசிலி. மலையில பாத்துக்கிட்டோம். பாத்தியையும் பாக்கலாம்னு ஒருநா போனேன்."

உனக்கு இது தெரிந்ததுதான். ஒவ்வொருத்திக்கும் கங்காணி பிடித்துக் கொடுக்கும் தேயிலை வரிசைதான் நிரை. ஒருத்தி வராவிட்டால் அவள் நிரை முற்றிப் போகாமல் பக்கத்துப் பெண்கள் கிள்ளிவிடுவார்கள். யாரும் அதைச் சொல்லிக்காட்டமாட்டார்கள். அதே மாதிரி இதையும் ரகசியமாகச் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில் சிசிலி அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நீங்கதானாக்கா? நான் ரெண்டு மூணு தரம் போனேன். போறப்பல்லாம் சுத்தமா இருந்துச்சு. நீங்க முந்திக்கிட்டீங்கன்னு நெனச்சு வந்துட்டேன்."

அம்மா மெல்லுவதை நிறுத்தினார். "நான் போனப்பவும் பிடுங்க ஒண்ணும் இருக்கலியே. நீ எடுத்துட்டேன்னுல்ல நான் இருக்கேன்."

பிறகு ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். எல்லோரும் போயிருக்கிறார்கள். யாருக்கும் வேலை இருக்கவில்லை. எல்லோரும் மற்றவர் செய்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறார்கள்.

யாரோ ஒருவர் செய்துவிட்டு மறைக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். நிலக்ஷி, வேறு எதையும் நினைக்க நான் விரும்பவில்லை. நீயும் நினைக்காதே.

பிரேமினி

*

வவுனியா
2026 பெப்ரவரி 19

பிரேமினி,

யார் மறைப்பார்கள்? சிசிலி அக்காவா? அவர் ஒரு முட்டை கொடுத்தாலே ஊருக்குச் சொல்லிவிட்டுத்தானே கொடுப்பார்.

ஒரு வழி இருக்கிறது. எல்லோரையும் நிறுத்தச் சொல். ஒருவர் கூட அந்தப் பக்கம் போகக்கூடாது. சத்தியம் வாங்கு. சும்மா இல்லை, முனியாண்டி கோயில் முன்னால் நின்று. சிசிலி அக்கா மாதா மேல் செய்யட்டும். நீயும் போகாதே. ஒரு நல்ல மழை பெய்து முடியட்டும். பிறகு போய்ப் பார்.

களை வந்திருந்தால் அம்மா இல்லை. நான் வாய்க்கரிசி போடுகிறேன். அப்பாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் முதல்முறையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "எப்ப தெரியும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தினமும் அதைத்தான் கேட்கிறார்.

களை வராவிட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன். எங்கள் காம்பராவுக்குப் போய்க் கதவைத் திறந்துவைத்து உட்காருவேன். சிவப்புப் பலகை யாருக்கு வேண்டும்? அம்மா தோட்டத்துக்கு வருகிறார் என்றால் வீட்டுக்கும் வருவார். வீட்டில் ஆள் இல்லாததால்தான் வாசலோடு திரும்பிப் போகிறார்.

பொய் எழுதாதே. நீ பொய் சொன்னால் கையெழுத்து சாயும், எனக்குத் தெரியும்.

நிலக்ஷி

*

மாவில்கந்தைத் தோட்டம்
2026 ஏப்ரல் 2

அன்புள்ள நிலக்ஷி,

தாமதமாக எழுதுகிறேன். வேண்டுமென்றே தாமதித்தேன். ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டு எழுதவேண்டும் என்று இருந்தேன். என் கையெழுத்தைப் பார்த்துக்கொள், நேராகத்தான் இருக்கிறது.

நீ சொன்னபடி எல்லோரும் சத்தியம் செய்தார்கள். சிசிலி அக்கா ஜெபமாலையை நெஞ்சில் வைத்துச் செய்தார். "போகவேண்டாம்னு சொல்லவே வேணாம்டி, இழுத்தாலும் நான் போகமாட்டேன்" என்றார். மார்ச் முதல் இரண்டு வாரமும் பின்னேரங்களில் மழை கொட்டியது. கொட்டிலைச் சுற்றி நாங்கள் வெட்டிய புல் மறுபடியும் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அப்போதுதான் போனேன்.

உங்கள் காம்பரா முற்றத்தில் ஒரு வெடிப்பு ஓடுகிறது. போன தடவை விரல்தான் நுழைந்தது. இந்தத் தடவை என் கை நுழைந்தது. அதற்கு அப்பால் எல்லோருடைய பாத்தியும் ஒரே பச்சைக் காடு. அதன் நடுவில் உங்கள் பாத்தி, களை இல்லாமல்.

பனி இறங்கியிருந்தது. போஞ்சிப் பந்தலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. நீயும் நானும் பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம்தான். கொழுந்து ஒடிக்கும் சத்தம். இரண்டு கையாலும் மாற்றி மாற்றி, வேகமாக, பழகிய கை. அட்டை என் காலில் ஏறியது தெரிந்தும் நான் குனியவில்லை.

"அத்தை" என்றேன்.

சத்தம் நின்றது. யாரோ நிமிர்ந்து பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

ஓடிவந்துவிட்டேன். ஓடும்போது நான் நினைத்தது அத்தையை அல்ல, உன்னை. இதை எழுதினால் நீ வருவாய். அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் கதவைத் திறந்துவைத்து உட்காருவாய். எழுதாவிட்டால் பொய். இரண்டும் என்னால் முடியாது.

அம்மாவிடம் சொன்னேன். பலகையைத் தாண்டியதற்கு அடி விழும் என்று நினைத்தேன். அம்மா அடிக்கவில்லை. "அவ எறங்கல" என்றார்.

"என்னம்மா?"

"நெரைய பாதியில விட்டுட்டு அவ எப்பவாச்சும் மலையிலருந்து எறங்கியிருக்காளா? கங்காணி விசில் அடிச்சு, எல்லாரும் கூடையைத் தூக்கிட்டு வந்தாலும், 'இந்தா முடிச்சுட்டு வாரேன்'னு நிப்பா. நாங்க ஆளுக்கொரு பக்கம் கிள்ளி முடிச்சாத்தான் கூட வருவா. இப்பவும் அப்படித்தான் நிக்கிறா. பாத்தி வேலைக்கு முடிவு ஏது? எடுக்க எடுக்க வருமில்ல."

அதைக் கேட்ட பிறகு என்ன செய்யவேண்டும் என்று எல்லோருக்கும் தானாகவே தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முன்னால், பெண்கள் கூடையோடு போனார்கள். நானும் புத்தகத்தோடு போனேன். சிசிலி அக்கா, "இவ ஒருத்தி, பேய்க்கும் பாடம் எடுப்பா" என்றார். ஆனால் அவர் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டுதான் வந்தார். புத்தகத்தில் செடியை இடம் மாற்றும் முறை இருக்கிறது. வேரைச் சுற்றி வட்டமாக வெட்டி, பழைய மண்ணோடு தூக்கவேண்டும், "அன்னிய மண்ணில் முதல் சில நாட்கள் செடிக்குத் துணை அந்த மண்தான்" என்று போட்டிருக்கிறது. நான் வாசித்தேன், அவர்கள் மிளகாய்ச் செடிகளைத் தூக்கினார்கள். முற்றிய கோவாவை வெட்டினோம். போஞ்சியை ஒன்றுவிடாமல் பறித்தோம். குச்சிகளைக் கூடப் பிடுங்கினோம். கடைசியில் வெறும் மண்தான் இருந்தது.

அப்புறம் அம்மா தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். மலையில் வேலை முடிந்தால் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்களே, அதே குரலில், பீலி இருந்த பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"பேச்சீ! நெரை முடிஞ்சிருச்சு! எறங்கு!"

மற்றவர்களும் கூப்பிட்டார்கள். "பேச்சியக்கா, எறங்குங்க!" "நேரமாச்சு, வாங்கக்கா!" மலையில் பட்டு எல்லாக் குரல்களும் திரும்பி வந்தன. சிசிலி அக்காவின் குரல் திரும்பி வரும்போது அவருடையது மாதிரி இல்லை என்று எனக்குப் பட்டது. பனியில் குரல் மாறும். அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

கீழே இறங்கினோம். ஒற்றையடிப் பாதையில் அம்மா முன்னால் போனார். சிசிலி அக்காவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம் விட்டிருந்தது. யாரும் சொல்லி அப்படி விடவில்லை. மலையில் அவர்கள் மூவரும் எப்போதும் அந்த வரிசையில்தான் நடப்பார்கள்.

செடிகளைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நட்டோம். சில நாள் துவண்டு கிடந்தன, பிறகு நிமிர்ந்தன. எல்லோரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தினமும் போய்ப் பார்த்தோம். நேற்றுக் காலையில் மிளகாய்க்குக் கீழே புளியாரை முளைத்திருந்தது. இன்று இன்னும் நிறைய. மிளகாய் நுனிகளும் தம் பாட்டில் வளர்ந்து நிற்கின்றன. யாரும் கிள்ளவில்லை.

நீ கேட்டது இதுதான், களை வந்ததா இல்லையா என்று. அங்கே வரவில்லை. இங்கே வந்திருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று புத்தகத்தில் இல்லை. அம்மாவின் அர்த்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும்: இறங்கிவிட்டார். வாய்க்கரிசி போடுவதும் போடாததும் உன் முடிவு. நான் இனி உனக்கு அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன், ஒருமுறை சொன்னதே போதும். ஆனால் அந்தக் காம்பராவில் காத்திருப்பதற்காக வராதே. அங்கே இப்போது மண்ணும் வெடிப்பும்தான். காத்திருக்க யாரும் இல்லை.

அன்புடன்,
பிரேமினி

*

வவுனியா
2026 ஏப்ரல் 20

அன்புள்ள பிரேமி,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உன் அம்மா கூப்பிட்ட இடம் வந்ததும், "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். "எறங்குனு யாராச்சும் சொல்லணும்ல. சொல்லாம அவ எப்படி எறங்குவா" என்றார். பிறகு எழும்பிப் போய் முகம் கழுவினார்.

முந்தாநாள் காலையில் குளத்தடியில் கருமாதி நடந்தது. உருவம் சின்னதாக இருந்தது, ஒரு குழந்தை அளவுதான். அதற்கு அம்மாவின் சேலை ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். நான் கோபப்படுவேன் என்று எல்லோரும் பயந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பூசாரி இறந்தவர் பெயரைச் சொல்லச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார், நான் சொன்னேன். பேச்சியம்மா. என் வாழ்க்கையில் அம்மாவின் பெயரை அம்மாவுக்குக் கேட்கும்படி நான் சொன்னதே இல்லை. சொன்னால் வாயில் போடுவார். அன்றைக்குச் சத்தமாகச் சொன்னேன். அரிசியையும் போட்டேன்.

எரித்து முடித்து எல்லோரும் குளத்தில் முழுகினோம். "இனித் திரும்பிப் பாக்காம நேரா வீட்டுக்கு நடங்க" என்று பூசாரி சொன்னார். எப்போதும் சொல்வதுதான். அப்பா முன்னால் போனார், பிறகு சித்தப்பா, சித்தி, மற்றவர்கள். நான் கடைசி. எனக்குப் பின்னால் யாரும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் நடக்கத் தொடங்கினேன்.

குளக்கட்டில் கொஞ்ச தூரம் வந்ததும் பின்னால் ஈரச் சேலை காலில் அடிக்கும் சத்தம் கேட்டது. என் பாவாடைதான் என்று நினைத்து ஒரு கணம் நின்றேன். நான் நின்ற பிறகும் இரண்டு அடி கேட்டு, அதன் பிறகுதான் நின்றது. நடந்தேன், வந்தது. அவசரமே இல்லாத நடை, வேலை முடிந்து வருகிறவர்களின் நடை. கை எட்டும் தூரம்தான். மூச்சுக் கூடக் கேட்டது, பிரேமி. ஏற்றம் ஏறி வந்த மாதிரி மூச்சு. இந்த ஊரில் ஏற்றமே கிடையாது.

திரும்பினால் பார்த்துவிடலாம். ஐந்து மாதமாக நான் கேட்டது அது ஒன்றுதான். என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, தாடையை என் கையாலேயே பிடித்துக்கொண்டேன். முன்னால் அப்பா நேராக நடந்துகொண்டிருந்தார். வவுனியாவுக்கு வந்த பிறகு அவர் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை. நான் திரும்பினால் அவர் மறுபடியும் படலைக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. பின்னால் வருகிறவரும் மறுபடியும் மலையேற வேண்டியிருக்கும் என்று பட்டது.

ரோடு வரும் இடத்தில் சத்தம் பின்தங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலக்ஷி